சாபம் என்னும் அனாமத்துக் கணக்கு

பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஒரு சாபக் கதைதான். 1918-ல் வேர்ல்ட் சீரீஸ் கோப்பையை ஜெயித்த அணி, அடுத்த கோப்பைக்காக 2004 வரை, அதாவது 86 வருஷம் காத்திருந்தது. என்ன காரணமாம்? பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்ற பாவம்!

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

விற்றது நிஜம். ஒப்பந்தத்தின் தேதி 1919 டிசம்பர் 26. விலை 1,00,000 டாலர். அதிலும் கைக்கு வந்தது 25,000. மீதியெல்லாம் 6 சதவீத வட்டியோடு தவணை. அதுபோக, ரெட் சாக்ஸின் அன்றைய முதலாளி ஹாரி ஃப்ரேஸி, சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கை ஈடு காட்டி யாங்கீஸ் முதலாளியிடமே 3,00,000 டாலர் கடனுக்கும் ஏற்பாடு செய்துகொண்டார். (போட்டிக் கம்பெனியிடமே கடையை அடமானம் வைப்பது எந்த ஊர் வியாபாரமோ!) அடுத்த வருஷமே ரூத் யாங்கீஸுக்காக 54 ஹோம் ரன் அடித்தார். படு மோசமான விற்பனை, சந்தேகமே இல்லை. ஆனால் ரூத் 1935-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு ஆள் போனதை வைத்து பத்து, பதினைந்து வருஷத் தோல்வியை விளக்கலாம். 86 வருஷத்தை?

அப்புறம் பில் பக்னர். 1986 அக்டோபர் 25, நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டம். தொடரில் ரெட் சாக்ஸ் 3-2 என்று முன்னிலை. பத்தாவது இன்னிங்ஸில் 5-3. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கோப்பை. அங்கிருந்து வரிசையாக மூன்று மெட்ஸ் ஆட்டக்காரர்கள் பந்தை அடித்துவிட்டு ஓடினார்கள், 5-4 ஆனது. பிட்சர் வீசிய ஒரு பந்து கேட்ச்சரைத் தாண்டிப் போனதில் 5-5. இதற்கெல்லாம் பிறகுதான், மூக்கி வில்சன் மெதுவாக உருட்டிவிட்ட பந்து பக்னரின் கால்களுக்கு நடுவே புகுந்து போனது. 6-5.

கவனியுங்கள். பந்து அவர் காலுக்குள் போகும் முன்பே முன்னிலை பறிபோய்விட்டது. இன்னொரு ஆட்டமும் பாக்கி இருந்தது. அந்த ஏழாவது ஆட்டத்தில் 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு 8-5 என்று தோற்றது அணி. ஆனால் மொத்தப் பழியும் கணுக்கால் வலியோடு நின்றிருந்த ஒரு மனிதர் தலையில். வாழ்நாளில் 2,715 ஹிட் அடித்தவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. சாபம் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியதும் இந்தத் தோல்விக்குப் பிறகுதான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரிந்திருக்கும். இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் தூக்கிப் போடுவார்கள். பிழையைக் கண்டுபிடித்ததும் திருத்தியாக வேண்டும். பாஸ்டனில் நடந்தது என்னவென்றால், வித்தியாசத்தைச் சாபத்தில் போட்டுவிட்டு பேரேட்டை மூடிவிட்டார்கள்.

மூடிய பேரேட்டில் 1945 ஏப்ரல் 16 என்று ஒரு பக்கம் இருக்கிறது. அன்று ஃபென்வே பார்க்கில் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களுக்குத் தேர்வு நடந்தது. ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். அணி விரும்பிக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கான அனுமதியில் கை வைப்பேன் என்று நகர மன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக் நெருக்கியதால் நடந்த சடங்கு அது. மூவரும் ஆடிக் காட்டினார்கள், போனார்கள். யாருக்கும் அழைப்பு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி, அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். 1950-ல் தன் லீகின் சிறந்த புதுமுகம் யார் தெரியுமா? அதே ஜெத்ரோ. ஆடியது எங்கே? அதே பாஸ்டன் நகரத்தில், பிரேவ்ஸ் அணிக்கு!

ரெட் சாக்ஸுக்கு அப்போது பணக் கஷ்டமும் இல்லை. 1933-லேயே டாம் யாக்கி என்ற பெரும் பணக்காரர் அணியை வாங்கியிருந்தார். வாசலுக்கே வந்த ஆட்டக்காரர்களை வேண்டாம் என்றது இவருடைய நிர்வாகம்தான். இருந்த 16 அணிகளில் கடைசியாகக் கறுப்பினத்தவர் ஒருவரை இறக்கியதும் ரெட் சாக்ஸ்தான். பம்ப்ஸி கிரீன், 1959 ஜூலை 21. ராபின்சன் அதற்குள் ஆடி முடித்து ஓய்வே பெற்றுவிட்டார். ரூத்தை விற்றதற்காவது காசு வந்தது. இதற்கு என்ன வந்தது?

1959-க்குப் பிறகும் 45 வருஷம் கோப்பை இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1967, 1975, 1986 மூன்றிலும் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது அணி. விளையாட்டில் அப்படியும் நடக்கும். எல்லாவற்றுக்கும் நிறவெறிதான் காரணம் என்றால் அது இன்னொரு சாபக் கதை ஆகிவிடும். ஆனால் 1945-க்கும் 1959-க்கும் நடுவே போன வருஷங்களுக்குப் பொறுப்பாளி ரூத்தின் ஆவி இல்லை.

2004-க்கு வருவோம். யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்ற நிலை. நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் டேவ் ராபர்ட்ஸ் பாய்ந்து இரண்டாவது பேஸைத் திருடினார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். அங்கிருந்து தொடர்ந்து எட்டு வெற்றி, கோப்பை! ராபர்ட்ஸின் அப்பா கறுப்பின அமெரிக்கர், அம்மா ஜப்பானியர். ஆர்டிஸ், பெட்ரோ மார்ட்டினெஸ், மேனி ரமிரெஸ் மூவரும் டொமினிக்கன் வம்சாவளி. 1945-ன் ரெட் சாக்ஸில் இவர்களில் ஒருவருக்கும் இடம் கிடைத்திருக்காது.

2008-ல் ஃபென்வே பார்க்கில் சீசனின் முதல் பந்தை வீச பக்னரைக் கூப்பிட்டார்கள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. யாக்கியின் பெயர் தாங்கியிருந்த மைதான வாசல் தெருவுக்கு, ஜெர்சி தெரு என்ற பழைய பெயரே திரும்பியது 2018-ல். மாற்றச் சொல்லி நகரத்திடம் மனுப் போட்டது ரெட் சாக்ஸ் நிர்வாகமேதான்.