கேட்டவர்கள் வாங்க வரவில்லை

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் கார்ப் பைத்தியம் பிடித்தவன். 2026 மாடலோடு சூப்ரா நிறுத்தப்படுகிறது என்று டொயோட்டா அறிவித்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, நெருங்கிய உறவு ஒன்றை இழந்தவனைப் போலப் பேசினான். "மாமா, இனி இப்படி ஒரு கார் வராது" என்றான்.

எனக்கு 2019 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அதே கார் அறிமுகமானபோது இதே மருமகன் இதே தொலைபேசியில், "மாமா, அது சூப்ராவே இல்லை, சட்டை மாத்தின பி.எம்.டபிள்யூ" என்று கொதித்தான். அதை அவனுக்கு நினைவூட்டிவிட்டு, "இத்தனை வருடத்தில் நீ அதை ஒருதரமாவது ஓட்டிப் பார்த்தாயா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இல்லை மாமா" என்றான்.

இந்தக் கட்டுரை அந்த "இல்லை"யைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சூப்ரா ஓட்டியவன் அல்லன். எங்கள் நாட்டில் என் தலைமுறைக்கு டொயோட்டா என்றால் கொறோலாதான். ஆனால் நாற்பது ஆண்டுகாலம் செய்தித்தாள்களில் குப்பை கொட்டியவன் என்ற வகையில், ஒரு கூட்டம் தான் கேட்பது என்னவென்று தெரியாமலே உரத்துக் கேட்கும்போது எழுகின்ற சத்தத்தை என்னால் அடையாளம் காண முடியும். சூப்ராவின் ரசிகர்கள் எழுப்பியது அந்தச் சத்தம்தான்.

அவர்கள் வழிபடுகின்ற சூப்ரா 1993 இல் வெளிவந்த நான்காம் தலைமுறைக் கார். மூன்று லீற்றர் கொள்ளளவும் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களும் இரண்டு டர்போக்களும் கொண்ட '2 ஜே.இசட்.' இயந்திரம் அதன் உயிர். வார்ப்பிரும்பால் ஆன அதன் உடல், நிறுவனம் நிர்ணயித்த வலுவைப் போல இருமடங்கைக் கறந்தாலும் தாங்கும் என்று பெயர் பெற்றது. அந்தப் புகழில் பொய்யில்லை.

ஆனால் அந்தக் கார் தன் காலத்தில் எப்படி விற்றது? அமெரிக்காவில் மொத்தமாகவே 11 ஆயிரத்துச் சொச்சம். 1998 இல் டொயோட்டா அதை அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. 2002 இல் ஜப்பானிலும் உற்பத்தி நின்றது. உலகெங்கும் இளைஞர்களை அந்தக் காரின்மேல் காதல்கொள்ள வைத்த 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' திரைப்படம் வெளிவந்தது 2001 இல். அதாவது, அமெரிக்கக் கடைகளிலிருந்து கார் போய் மூன்று வருடங்களின் பின்னர்தான் அங்கு காதல் பெருகியது. அந்தப் படத்தில் நடித்த செம்மஞ்சள் நிறச் சூப்ரா 2021 இல் ஐந்தரை இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. கடையில் புதிதாகக் கிடைத்தபோது சீண்டுவாரற்று நின்ற கார் அது.

இனி, புதிய சூப்ராமீது அவர்கள் சுமத்திய முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். அது 'தூய' டொயோட்டா அல்ல என்பது அந்தக் குற்றச்சாட்டு. உண்மைதான். அதன் இயந்திரம் பி.எம்.டபிள்யூவினுடையது. அதன் அடித்தளம் பி.எம்.டபிள்யூ இசட் 4 காருடன் பொதுவானது. இரண்டும் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒரே தொழிற்சாலையில் உருவாகின. உதிரிப்பாகங்களில் பி.எம்.டபிள்யூ முத்திரை இருப்பதைப் படம்பிடித்து, களவைக் கையும் மெய்யுமாகப் பிடித்தவர்களைப் போல ரசிகர்கள் ஊரெல்லாம் காட்டினார்கள். டொயோட்டா அதை என்றுமே மறைத்ததில்லை. இரு நிறுவனங்களின் கூட்டு 2013 ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கையாகிப் பத்திரிகைகளில் வந்த செய்தி.

அன்பர்களே, தூய சூப்ரா என்ற ஒன்று எப்போது இருந்தது? 1978 இல் பிறந்த முதலாவது சூப்ரா, செலிகாவின் மூக்கை நீட்டி ஆறு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்திய கார். 1986 வரை செலிகாவின் பெயரையும் சேர்த்தே சுமந்தது. நீங்கள் பூசிக்கின்ற 1993 ஆம் ஆண்டுக் காரின் இயந்திரம், அதற்கு முன்பே 1991 இல் அரிஸ்ரோ என்ற நான்கு கதவுச் சொகுசுக் காரில் ஓடியது. டர்போ சூப்ராவின் புகழ்பெற்ற ஆறு வேகக் கியர்ப்பெட்டி கெட்ராக் என்ற நிறுவனத்தின் கைவண்ணம். கெட்ராக் ஜேர்மன் நிறுவனம். டொயோட்டாவின் மகுடம் என்று போற்றப்படும் 1967 ஆம் ஆண்டின் '2000 ஜி.டி.' கூட யமஹாவுடன் கைகோத்து உருவாக்கப்பட்டதே. அன்று ஜேர்மனியின் கியர்ப்பெட்டி இனித்தது, இன்று ஜேர்மனியின் இயந்திரம் கசக்கிறது என்றால், கோளாறு காரில் இல்லை.

ரசிகர்கள் கேட்டவை எவை? வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ, பின்சில்லுகளுக்கு உந்துவலு. மூன்றும் கிடைத்தன. 2019 இல் டொயோட்டாவிடம் உற்பத்தியில் இல்லாத இயந்திர வகை அது. ஆண்டுக்குச் சில ஆயிரம் மட்டுமே விற்கக்கூடிய காருக்காகப் புதிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்து, புகை விதிகளுக்கும் விபத்து விதிகளுக்கும் அதைப் பொருத்திச் சோதித்திருந்தால், விலை எங்கே போய் நின்றிருக்கும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் யோசிக்கலாம். பி.எம்.டபிள்யூவைச் சேர்த்தும் அமெரிக்காவில் ஆறு சிலிண்டர்க் காரின் ஆரம்ப விலை ஐம்பதாயிரம் டொலரை ஒட்டி நின்றது. கூட்டு இல்லையேல் சூப்ரா இல்லை. அந்தக் காரின் பிரதம பொறியியலாளர் தெட்சுயா தாடா தெரிவுசெய்ய வேண்டியிருந்தது, கூட்டுச் சூப்ராவுக்கும் வெறுங்கைக்கும் இடையில்.

அடுத்த முழக்கம் கையால் மாற்றும் கியர். "தானியங்கிக் கியருடன் சூப்ராவா? கியர்த் தண்டைக் கொடுங்கள், நாளைக்கே வாங்குகிறோம்" என்றார்கள். 2022 இல் டொயோட்டா அதையும் கொடுத்தது. அமெரிக்காவில் 2021 ஆம் ஆண்டில் 6,800 ஐத் தாண்டியிருந்த சூப்ராவின் விற்பனை, 2023 இல் 2,600 சொச்சத்துக்கு இறங்கியது. விலையேற்றமும் வட்டிவீதமும் இதற்குக் காரணங்களாக இருந்திருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நாளைக்கே வாங்குகிறோம்" என்ற அந்தப் பெருங்கூட்டம் எங்கே போயிற்று? நாளை வந்தது. அவர்கள் வரவில்லை.

சூப்ராவுக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல இது. ஹொண்டா 2016 இல் என்.எஸ்.எக்ஸ். காரைப் புதிய தொழில்நுட்பத்துடன், மின்மோட்டார்களும் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. "பழைய காரின் எளிமை எங்கே?" என்றார்கள். 2022 இல் அது நின்றபோது, உலகம் முழுவதற்குமான மொத்த உற்பத்தி மூவாயிரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. நிசான் மறுபக்கம் போனது. அந்நியக் கூட்டு இல்லை, இரட்டை டர்போ, கையால் மாற்றும் கியர், 1969 ஆம் ஆண்டின் முதல் இசட் காரை நினைவூட்டும் முகம். இத்தனையுடன் 2022 இல் புதிய இசட் வந்தது. "அடித்தளம் பழையது" என்றார்கள். புதுமை செய்தால் துரோகம், பழமையைப் பேணினால் சோம்பல், கூட்டுச் சேர்ந்தால் கலப்படம். இந்தத் தேர்வில் தேறக்கூடிய கார் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ரசிகனுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது சுவரில் ஒட்டியிருந்த படத்தில் உள்ள கார். அதை எந்தத் தொழிற்சாலையாலும் செய்ய முடியாது.

மறுதரப்பு நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் பத்திரிகையாளன் அல்லன். பழைய பெயரை எடுத்துப் புதிய காரில் ஒட்டியது டொயோட்டாதான். அந்தப் பெயர் கிளப்பக்கூடிய ஏக்கம் எவ்வளவு என்பதை அறிந்தே அது ஒட்டியது. 2019 இல் முதலாவது காரைத் தொண்டுப் பணிக்காக ஏலம் விட்டபோது 21 இலட்சம் டொலர் கிடைத்தது அந்தப் பெயருக்காகத்தான். ஏக்கத்தைக் காட்டி விற்பவன், ஏக்கம் திரும்பித் தாக்கும்போது அழக்கூடாது. கியர்த் தண்டை மூன்று வருடம் தாமதித்துக் கொடுத்ததும் தவறு. இருபத்தைந்து வயது இளைஞனுக்கு எட்டாத விலையில் இளமையின் சின்னத்தை விற்றதும் குறைதான். காரை ஓட்டிப் பார்த்து, அதன் திசைமாற்றியைப் பற்றியோ பின்பார்வையைப் பற்றியோ குறை சொன்னவர்களுடன் எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. அது விமர்சனம். முத்திரையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தது விமர்சனம் அல்ல, சாதி பார்ப்பது.

என் தொழிலில் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்று நின்றுபோன வாரத்தில் நாற்றிசையிலுமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. "அந்தப் பத்திரிகை இல்லாமல் எங்கள் வீட்டில் காலைத் தேநீர் இறங்காது" என்று உருகியிருந்தார்கள். எழுதியவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர், அதைக் காசு கொடுத்து வாங்குவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எழுத்துரு மாறியபோது ஒருவர் நிறுத்தினார், ஆசிரியர் மாறியபோது இன்னொருவர், தாளின் அளவு சிறுத்தபோது மற்றொருவர். எல்லோருக்கும் காரணம் இருந்தது. எல்லோருக்கும் அந்தப் பத்திரிகைமீது அன்பும் இருந்தது. அச்சுத் தாளுக்கான காசைக் கட்ட அந்த அன்பு உதவவில்லை.

உற்பத்தி நிறுவனங்களின் கணக்குப்பிள்ளைகள் ரசிகர்களின் கண்ணீரை எண்ணுவதில்லை, விற்ற கார்களைத்தான் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு மறுபிறப்பும் வாங்குவாரின்றி முடியும்போது, அடுத்த காரைக் கேட்டு மேசையைத் தட்டும் பொறியியலாளரின் குரல் சற்றுத் தாழ்கிறது. ஹொண்டா 2025 இல் பிரெலூட்டை மீண்டும் கொண்டுவந்தது. கலப்பு மின்வலு, கையால் மாற்றும் கியர் இல்லை என்று அறிந்தவுடன், ஓட்டிப் பார்க்கும் முன்பே ஒப்பாரி தொடங்கிவிட்டது. நாளை மஸ்டா தன் ரோட்டரி இயந்திரத்துடன் ஒரு விளையாட்டுக் காரைக் கொண்டுவந்தாலும் இதே பாட்டுத்தான் கேட்கும் என்று அஞ்சுகிறேன்.

மருமகனிடம் அன்று நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாங்க வசதியில்லை என்றால் அதில் வெட்கமில்லை. எனக்கும் இல்லை. ஆனால் ஓட்டிப் பார். பிடித்தால், வசதியிருந்தால், கடையில் இருக்கும்போதே வாங்கு. பிடிக்காவிட்டால் ஏன் என்று காரைப் பார்த்துச் சொல், முத்திரையைப் பார்த்துச் சொல்லாதே.

அவன் இப்போது பாவித்த சூப்ரா ஒன்றை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறானாம். கடையில் புதிதாக நின்றபோது விசாரித்திருக்கலாம்.