கைப்பேசி வீட்டில் இருக்கும் நேரம்

வெள்ளமோ புகைமூட்டமோ வந்து பள்ளி மூடப்பட்டால் "நாளை இயங்கலை வகுப்பு" என்ற செய்தி இப்போது உடனே புலனத்தில் வந்து விழுகிறது. அந்த ஒரு வரி எல்லா வீட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

குளுவாங் மாவட்டத்தில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் சிற்றூர் லாயாங் லாயாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அங்கே ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். படிவம் ஐந்தில் அக்காள், படிவம் இரண்டில் தம்பி, ஆறாம் ஆண்டில் தங்கை. வீட்டுக்கு ஒரே திறன்பேசி. விடியற்காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. காலை 9 மணிக்கு ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது மூவருமே "வரவில்லை".

இது கற்பனை வீடுதான். ஆனால், 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின் கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை என்று தெரிய வந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடுதான். அந்த ஏப்ரலில் அரசாங்கம் நாள்தோறும் 1 ஜிபி இணையத் தரவை இலவசமாகக் கொடுத்தது. நல்ல உதவி. ஆனால் நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை. நாம் எண்ணிய அந்த வீட்டில் கைப்பேசியே இல்லாத நேரம் அது!

அதே ஆண்டு ஜூன் மாதம் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத இணையம் தேடி மரத்தில் ஏறினார். நாடே பாராட்டியது. ஏன் ஏற வேண்டி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

நேரலை வகுப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியரின் குரலைக் கேட்பதும், புரியாததை அங்கேயே கேட்பதும் காணொளிப் பதிவில் கிடைக்காது. அதனால்தான் நேரலையைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். பாட விளக்கத்தைக் குறுகிய குரல் பதிவாக முன்கூட்டியே அனுப்பிவிடலாம். மாலையில் அரை மணி நேரம் கேள்விகளுக்கு மட்டும் கூடலாம். மாலை வகுப்பு ஆசிரியருக்குச் சுமைதான், அவருக்கும் குடும்பம் உண்டு. ஆகவே வாரம் இரண்டு நாள் போதும்.

கேமராவைத் திறந்தே வைக்கச் சொல்லும் வழக்கமும் மாற வேண்டும். காணொளியோடு ஒரு மணி நேர வகுப்புக்கு ஏறக்குறைய 1 ஜிபி கரையும்; குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பின்னால் தெரியும் சுவரையும் துணிக்கொடியையும் காட்டக் கூசி வகுப்பையே தவிர்க்கும் பிள்ளைகளும் உண்டு. பாடம் புரிந்ததா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டுமா? உரையாடல் பெட்டியில் ஒரு வரி விடை எழுதச் சொன்னாலே தெரிந்துவிடும்.

உங்கள் பங்கும் இதில் இருக்கிறது. வகுப்புக்கு வராத பிள்ளையைச் சோம்பேறி என்றே பல ஆசிரியர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மைக் காரணத்தை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. கல்லூரி மாணவர்கள் விரிவுரையாளரிடமும் இதைப் பேசலாம். அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்: "ஐயா, எங்கள் வீட்டில் ஒரு கைப்பேசிதான். அது மாலை 7 மணிக்குத்தான் வீட்டுக்கு வரும்."