அவளுக்காகத்தானா?

வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியோர் உண்டு. கண் கெடும், காலம் கெடும், படிப்பு கெடும் என்று அவர்கள் அடுக்கும் குறைகளை மறுக்க நாங்கள் வரவில்லை. தேர்வு நெருங்கும் நாட்களில் அவற்றில் பாதி உண்மையே. ஆயினும் கதை, நாடகம், திரைப்படம் பற்றியெல்லாம் ஆண்டு மலரில் எழுத இடமுண்டு என்றால், எங்கள் வயதினர் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் ஒன்றைப் பற்றியும் நான்கு வார்த்தை எழுதலாம் அல்லவா? அதிலும் நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது சுட்டுத்தள்ளிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் அன்று. நல்ல காரியம் என்று நம்பி ஒருவனுக்குக் கைகொடுத்து, கடைசிப் படி வரை ஏற்றிவிட்ட பிறகு, அந்தக் காரியம் என்னவென்று தெரியவரும் கதை.

அதன் பெயர் ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’. ஜப்பானில் உருவாகி, 2005ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. இயக்கியவர் ஃபுமிட்டோ உவேதா. 2018இல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்காகக் காட்சிகளைப் புதிதாக வரைந்து மீண்டும் வெளியிட்டார்கள். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை. ஆகவே, இனிமேல்தான் ஆடப் போகிறோம் என்னும் தோழியர் இந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். நாங்கள் வருந்த மாட்டோம்.

கதை மிக எளியது. வாண்டர் என்னும் இளைஞன் அக்ரோ என்ற தன் குதிரையின்மேல், துணியால் மூடிய ஒரு பெண்ணின் உடலைச் சுமந்துகொண்டு நெடுந்தொலைவு வருகிறான். வந்து சேரும் இடம் மனிதர் நுழையக் கூடாதென்று விலக்கப்பட்ட நிலம். பெண்ணின் பெயர் மோனோ. சபிக்கப்பட்ட விதியுடையவள் என்று அவளைப் பலி கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் யார், சாபம் என்ன என்பதைக் கதை சொல்வதில்லை. பாழடைந்த பெரும் மண்டபத்தின் பீடத்தில் அவளைக் கிடத்தி, இவள் உயிரைத் திரும்பத் தாருங்கள் என்று வேண்டுகிறான். மேலிருந்து டார்மின் என்னும் உருவமற்ற குரல் கேட்கிறது. போன உயிர் மீளாது என்பது மானிடர்க்கு விதித்த முறை அன்றோ என்று முதலில் அது வினவுகிறது. பிறகு, உன் கையிலுள்ள வாளால் ஒருவேளை முடியலாம் என்கிறது. மண்டபச் சுவரோரம் 16 சிலைகள் நிற்கின்றன. அவற்றுக்கு ஈடாக அந்த நிலத்தில் உலவும் 16 பேருருவங்களை வீழ்த்தினால் சிலைகள் தாமே நொறுங்கும். ஆனால் அதற்கு நீ தரும் விலை பெரிதாக இருக்கலாம் என்று எச்சரிக்கையும் செய்கிறது. பரவாயில்லை என்கிறான் வாண்டர்.

இறந்தவளை எழுப்ப ஒருவன் தன்னையே தரத் துணிகிறான். இதைவிடத் தூய நோக்கம் ஏது? ஆடுபவரும் வேறு கேள்வி கேட்காமல் குதிரையில் ஏறுகிறார்.

இந்த நிலத்தில் ஊர் இல்லை, கடை இல்லை, எதிர்ப்படும் சிறு பகைவர்கள்கூட இல்லை. புல்வெளி, பாறை, மணல், நீர்நிலை, காற்று இவை மட்டுமே. வெயிலில் நின்று வாளை உயர்த்தினால் ஒளிக்கதிர்கள் குவிந்து அடுத்த பேருருவம் இருக்கும் திசையைக் காட்டும். அங்கே போனால் கல்லும் பாசியும் உரோமமும் போர்த்திய ஒரு மலை எழுந்து நடக்கும். அதன் காலைப் பற்றி, முதுகில் ஏறி, அது உதறும்போது விழாமல் தொங்கி, உயிர்நிலையைத் தேடி வாளைச் செருக வேண்டும். சில பேருருவங்கள் சீறி வருகின்றன. அவற்றைக் கொல்லும்போது மனம் உறுத்துவதில்லை. ஐந்தாவது, ஒரு பறவை. நீருக்கு நடுவே தூணின்மேல் தன்பாட்டில் அமர்ந்திருக்கும். நாம் அம்பெய்து சீண்டினால்தான் பாய்ந்து வரும். பதின்மூன்றாவது, பாலைவனத்தின்மேல் நீந்துவதுபோலப் பறக்கும் நீண்ட உயிர். அது கடைசி வரை ஒருமுறைகூட நம்மைத் தாக்குவதில்லை. அதன் வயிற்றுப் பைகளை அம்பால் துளைத்து, இறக்கைகளைத் தரையோடு தாழவைத்து, குதிரையிலிருந்து தாவி ஏறிக் குத்த வேண்டும். ஆட்டத்திலேயே மிக அழகான காட்சி அதுதான் என்பது எங்கள் கருத்து. மிக அசிங்கமான வேலையும் அதுதான்.

பேருருவம் விழும்போது வெற்றி முரசு ஒலிப்பதில்லை. துயரமான இசை வருகிறது. விழுந்த உடலிலிருந்து கரிய இழைகள் கிளம்பி வாண்டரின் மார்பைத் துளைக்கின்றன. அவன் மயங்கிச் சாய்கிறான். மண்டபத்தில் கண் விழிக்கும்போது நிழலுருவங்கள் அவனைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு கொலைக்கும் ஒன்று கூடுகிறது. மோனோவின் பீடத்தருகே வெண்புறாக்களும் அவ்வாறே ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. வாண்டரின் முகமோ வெளிறிக்கொண்டே போகிறது, தலைமயிர் கறுக்கிறது. பதினாறாவதை நோக்கிப் போகும் வழியில் பாலம் இடிய, அக்ரோ தன் எசமானனை அக்கரையில் எறிந்துவிட்டுத் தான் பள்ளத்தில் விழுகிறது. அப்போதும் அவன் நிற்கவில்லை.

இறுதியில் எமோன் என்னும் பெரியவர் தம் வீரர்களோடு அங்கே வந்து சேர்கிறார். அந்த வாள் திருடப்பட்டது என்பதும், வாண்டர் வெறும் பகடைக்காய் என்பதும் அப்போது வெளிப்படுகின்றன. ஒரு காலத்தில் டார்மினின் ஆற்றலை அடக்குவதற்காக அதன் உடலை 16 கூறுகளாகப் பிரித்துச் சிறையிட்டிருந்தார்கள். ஆக, அந்தப் பேருருவங்கள் பகைவர்கள் அல்ல, பூட்டுகள். அத்தனை பூட்டையும் திறந்துவிட்டவன் நம் கதாநாயகன்! எமோனின் வீரர்கள் அவனை வீழ்த்த, அவன் உடலிலிருந்தே டார்மின் பூதாகாரமாக எழுகிறது. எமோன் மந்திர வாளை மண்டபத்து நீர்த்தடாகத்தில் எறிகிறார். ஒளிச்சுழல் தோன்றி எல்லாவற்றையும் உள்ளிழுக்கிறது. அந்தக் கணத்தில் கட்டுப்பாடு மீண்டும் நம் கையில் தரப்படுகிறது. பீடத்தை நோக்கி எவ்வளவு ஓடினாலும், படியைப் பற்றித் தொங்கினாலும், சுழல் இழுத்துக்கொண்டுதான் போகிறது. நிறையப் பேர் அந்தப் பொத்தானை விட மனமில்லாமல் அழுத்திக்கொண்டே இருந்ததாகக் கேள்வி.

இதற்கு எங்கள் வயதினர் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. ‘கொல்லாவிட்டால் கதை நகராது. வேறு வழியே வைக்காமல், பிறகு நீதான் வில்லன் என்றால் அது என்ன நியாயம்?’ என்கிறார்கள். 2012இல் வந்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: த லைன்’ ஆட்டத்தைப் பற்றியும் இதே புகார் எழுந்தது. மணற்புயலில் சிக்கிய துபாயில் உயிர் பிழைத்தவர்களைத் தேடிப் போகும் வாக்கர் என்ற படைத்தலைவன், வெண்பாஸ்பரஸ் குண்டுகளை வீசிப் புகலிடம் தேடி வந்த பொதுமக்களையே எரித்துவிடுகிறான். அங்கே இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. அந்த ஆட்டம் உண்மையை ஒளித்துவைத்துவிட்டு ஆடுபவரைக் குத்திக்காட்டுகிறது. உவேதா அப்படிச் செய்யவில்லை. எச்சரிக்கை முதலிலேயே வந்துவிட்டது. துயர இசையும், கரிய இழைகளும், வெளிறும் முகமும், சீண்டாமல் சீறாத பறவையும் கண்முன்னே நின்றன. டார்மின் பொய் சொல்லக்கூட இல்லை. கொடுத்த வாக்கின்படி மோனோவை எழுப்பியும் விடுகிறது. எல்லாம் தெரிந்தும் ஏன் யாரும் நிற்கவில்லை என்றால், ‘அவளுக்காக’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இந்தச் சொல்லைப் பற்றித்தான் பெண்பிள்ளைகளாகிய நாங்கள் பேச விரும்புகிறோம். வாண்டர் நல்லவனா கெட்டவனா என்று அண்ணன்மார் விடியவிடிய வாதிடட்டும். அன்பு மெய்யானது, செயல் கொடியது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும், அதில் எங்களுக்குக் குழப்பமில்லை. ஆனால் அந்த வாதத்தில் மோனோவின் பெயர் வருவதே அரிது. ஆட்டம் முழுவதும் அவள் பீடத்தில் கிடக்கிறாள். ஊர் நன்மைக்கென்று யாரோ அவளைப் பலி கொடுத்தார்கள். அவள் நன்மைக்கென்று இன்னொருவன் பதினாறு உயிர்களைப் பலி கொடுத்தான். இரண்டு முறையும் அவளை யாரும் கேட்கவில்லை. ‘எல்லாம் உனக்காகத்தானம்மா’ என்ற சொல்லோடு எங்களுக்காக எடுக்கப்படும் முடிவுகள் எத்தனை! மேற்படிப்பு எந்த ஊரில் என்பதிலிருந்து கலியாணம் எந்த வயதில் என்பது வரை, பெரும்பாலும் அன்பினால்தான் எடுக்கப்படுகின்றன. அதை நாங்கள் ஐயுறவில்லை. கேட்டுவிட்டு எடுங்கள் என்றுதான் பெற்றோரிடம் வேண்டுகிறோம்.

சுழல் அடங்கியபின் மோனோ கண் திறக்கிறாள். மாண்டது என்று நினைத்த அக்ரோ பின்னங்கால் ஒடிந்து நொண்டிக்கொண்டே மண்டபத்துக்குள் வருகிறது. தடாகத்தின் அடியில் தலையில் சிறு கொம்புகளோடு ஒரு பச்சிளங்குழந்தை கிடக்கிறது. அதைக் கையிலெடுத்துக்கொண்டு, குதிரையைப் பின்தொடர்ந்து, மண்டபத்தின் உச்சியிலுள்ள தோட்டத்துக்கு அவள் ஏறிப்போகிறாள். அங்கே ஒரு மான்குட்டி வருகிறது. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சொல்வதற்கு ஆளும் இல்லை. தனக்காக என்னென்ன ஆயிற்று என்று அறிந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எங்கள் வகுப்பில் ஒரு மதிய இடைவேளை முழுவதும் பேசிப் பார்த்தோம். ஒத்த கருத்து வரவில்லை. 2018இல் புல்லையும் கல்லையும் ஒவ்வொன்றாகப் புதிதாய் வரைந்தவர்களும் அவளுக்கென்று ஒரு வரி வசனம் சேர்க்கவில்லை.