செல்போனில் வந்த சாப்பா



நாளைக்கு வேலை உண்டா? உண்டென்றால் எத்தனை மணிக்கு? எத்தனை மணிக்கு விடுவார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் இரவு பாயில் படுக்கிற தமிழ்க் குடும்பங்கள் நம் மட்டாஞ்சேரியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இறால் உரிக்கப் போகிற பெண்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், எர்ணாகுளத்துப் பெரிய கடைகளில் நாள் முழுக்க நின்று விற்கிற பிள்ளைகள் என்று பலருக்கும் இப்போது உத்தரவு செல்போனில் வருகிறது. இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி: “காலை ஆறுக்கு வா.” காலை ஐந்தரைக்கு இன்னொரு செய்தி: “இன்று வேண்டாம்.” எழுந்து, சோறு கட்டி, பஸ்ஸுக்குக் காசும் எடுத்து வைத்தவளுக்கு அந்த இரண்டு சொல்லோடு நாள் முடிந்துவிடுகிறது. அவளுக்குக் கூலியும் கிடையாது, சமாதானமும் கிடையாது.

நான் ரயில்வே குமாஸ்தா. ரோஸ்டர் காகிதத்தின் அருமை தெரிந்தவன். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டிய மனிதனுக்கு வரும் வாரத்து ஷிப்டே தெரியாவிட்டால் அவன் எப்படி டிக்கெட் எடுப்பான்? கடைசியில் தட்கலுக்குக் கூடுதல் பணம் கட்டுகிறான். அல்லது முன்பதிவில்லாப் பெட்டியில் வாசற்படியில் தொங்குகிறான். நேரம் நம் கையில் இல்லாததற்கு நாம் கட்டுகிற தண்டம் இது. பிழைக்க வந்த ஊரில் நம்மிடம் நிலமில்லை, பாட்டன் சொத்தில்லை. இருப்பது உடம்பும் நேரமும்தான். அந்த நேரத்தைக் கேட்காமல் எடுப்பதும், எடுத்ததைச் சொல்லாமல் திருப்பி எறிவதும் கூலித் திருட்டுக்குச் சற்றும் குறைந்த குற்றமல்ல.

சாப்பா போனதா?

இந்தக் கொடுமை மட்டாஞ்சேரிக்குப் புதிதல்ல. கொச்சித் துறைமுகத்தில் அன்று சாப்பா என்றொரு முறை இருந்தது. வேலை வேண்டி நிற்கும் கூட்டத்துக்கு நடுவே மூப்பன் உலோக டோக்கன்களை வீசி எறிவான். அடித்துப் பிடித்து, மிதித்து, கடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைய வேலை. பொறுக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். 2023இல் வந்த ‘துறமுகம்’ மலையாளப் படத்தில் நம்மில் பலர் இதைப் பார்த்தோம். இந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் மேல் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கி பேசியது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று பெயர்களை இந்த ஊர் இன்றும் மறக்கவில்லை.

அந்த இரத்தத்துக்குப் பிறகு வந்தது என்ன? 1948ஆம் ஆண்டு துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 1959இல் கொச்சிக்கென ஒரு திட்டம் வந்தது. துறைமுகத் தொழிலாளர் வாரியம் வந்தது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. முறை வைத்து வேலை பங்கிடும் வழக்கம் வந்தது. இப்படிப்பட்ட துறைமுகத் திட்டங்களில் இரண்டு ஏற்பாடுகளைக் கவனியுங்கள். ஆஜர் கொடுத்தும் வேலை கிடைக்காதவனுக்கு ஆஜர் பணம் உண்டு. வேலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே வேலை தொடங்காமல் திரும்பியவனுக்கு ஏமாற்றப் பணம் உண்டு. ஆம், ஏமாற்றப் பணம் என்றே அதற்குப் பெயர்! தொழிலாளியை வரவழைத்து ஏமாற்றினால் அதற்கு விலை உண்டு என்று சட்டத்தில் எழுதி வைத்தார்கள்.

இன்று அந்த விலையை அழித்துவிட்டு, டோக்கனை மட்டும் செல்போனுக்குள் வைத்துத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். “நான்கு ஆள் வேண்டும், முதலில் பதில் போடுகிறவருக்கு வேலை” என்று நாற்பது பேருக்குச் செய்தி போகிறதே, அது சாப்பா இல்லாமல் வேறென்ன? அன்று மூப்பனின் முகமாவது தெரிந்தது. இன்று முகமும் தெரியவில்லை.

மூப்பனின் புதிய முகம்

அந்த முகம் எது என்று பார்ப்போம். பெருங்கடைகளிலும் பெரிய ஓட்டல்களிலும் ஆள் ஏற்பாட்டுக்கென்றே மென்பொருள் வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு இதே வாரம் எத்தனை பில் போட்டார்கள், எந்த மணியில் கூட்டம், மழை உண்டா, பண்டிகை உண்டா என்று அது கணக்குப் போடுகிறது. இந்த மணிக்கு ஏழு ஆள், அடுத்த மணிக்கு நான்கு ஆள் என்று சொல்கிறது. கூட்டம் குறைந்தால் ஆளைக் குறை என்கிறது. முதலாளிக்கு நஷ்டமாக வேண்டியது இந்தக் கணக்கினால் தொழிலாளியின் நஷ்டமாக மாறுகிறது.

இதைப் பார்த்து இயந்திரத்தின் மேல் கோபப்படுகிறவர்கள் உண்டு. அது வீண் கோபம். ரயில்வேயிலும் ஓட்டுநர்களையும் கார்டுகளையும் வண்டிக்கு அனுப்புவதற்குக் கம்ப்யூட்டர் உண்டு. முன்பு கால் பாய் வீட்டு வாசலில் வந்து புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய வேலையை இப்போது அது செய்கிறது. ஆனால் எத்தனை மணி ஓட்டலாம், எத்தனை மணி ஓய்வு என்பதற்கு அங்கே விதி இருக்கிறது. அந்த விதியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவில்லை. 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் பத்து மணி நேர டூட்டி என்ற ஒப்புதலை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் நாடு முழுவதும் ரயில் நின்றபோதும் வேலை நேரம் கோரிக்கைகளில் முன்வரிசையில் இருந்தது. இயந்திரம் எழுதி வைத்ததைப் படிக்கும். எழுதுகிறவன் யார் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் நடந்த கதை

முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. 2014 ஆகஸ்டில் ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடையில் வேலை செய்த ஓர் இளம் தாயின் வாழ்க்கையை, ஷிப்டு போடும் மென்பொருள் எப்படிச் சிதைத்தது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இரவு கடையை அடைத்தவளே விடிவதற்குள் கடையைத் திறக்க வர வேண்டும். செய்தி வெளியான உடனே நிறுவனம் முறையை மாற்றுவதாக வாக்குக் கொடுத்தது.

வாக்கை மட்டும் நம்பித் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அதே 2014இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் சட்டம் போட்டது. 2017இல் சியாட்டிலிலும் நியூயார்க்கிலும் சட்டம் அமலுக்கு வந்தது. 2018இல் ஒரேகான் மாநிலம், 2020இல் சிக்காகோ, 2023இல் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று வரிசை நீண்டது. இச்சட்டங்களின் சாரம் எளிது. இன்று பெரும்பாலும் 14 நாளுக்கு முன்பே ஷிப்டுப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மாற்றினால் பணம் கொடுக்க வேண்டும். நியூயார்க் துரித உணவுக் கடைகளில் ஒரு மாற்றத்துக்கு 10 முதல் 75 டாலர் வரை. இரவு அடைத்துவிட்டு 11 மணி நேர இடைவெளி இல்லாமல் காலையில் திறக்கச் சொன்னால், தொழிலாளியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும், 100 டாலரும் வேண்டும்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2022இல் சிப்போட்லே என்ற உணவுக்கடை நிறுவனம் நியூயார்க்கில் சுமார் 13,000 தொழிலாளர்களுக்கு 2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2014இல் வாக்குக் கொடுத்த அதே ஸ்டார்பக்ஸ், 2025 டிசம்பரில் அதே நகரத்தில் சுமார் 3.9 கோடி டாலருக்கு இணங்கியது. 15,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. வாக்கால் வராத காசு சட்டத்தாலும், சட்டத்தைப் பிடித்துத் தொங்கியவர்களாலும் வந்தது.

இயந்திரத்துக்குச் சட்டம் சொல்லுகிறவன் யார்?

சட்டம் வந்ததும் மென்பொருள் விற்கிறவர்கள் கடை விரித்தார்கள்: “எங்கள் இயந்திரத்தை வாங்குங்கள், சட்டத்துக்கு உட்பட்டு ஷிப்டு போடும்.” இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்குள் சில கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நிரப்புகிறார்கள் என்பதில் நம் சோறு அடங்கியிருக்கிறது.

முதலாவது, பட்டியல் எத்தனை நாள் முன்பு வெளியாக வேண்டும் என்ற கட்டம். இரண்டாவது, இரண்டு ஷிப்டுக்கு நடுவே எத்தனை மணி ஓய்வு என்ற கட்டம். ஓய்வு போதாவிட்டால் இயந்திரம் சும்மா எச்சரிக்கிறதா, அல்லது ஷிப்டே போட விடாமல் தடுக்கிறதா? மூன்றாவது, மாற்றத்துக்கான பணம். அது தானாகச் சம்பளக் கணக்கில் ஏறுகிறதா, அல்லது மேனேஜர் நினைத்தால்தான் ஏறுமா?

நான்காவது கட்டம்தான் மோசடியின் வாசல். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று இயந்திரம் கேட்கும். தொழிலாளியே கேட்டு மாற்றினால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டங்கள் சொல்கின்றன. அப்படியானால் எல்லா மாற்றத்துக்கும் “தொழிலாளி கேட்டது” என்று மேனேஜர் குத்திவிட்டால் யார் கேட்பது? ஒரேகான் சட்டத்தில் விருப்பத்தின் பேரில் காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் கொடுத்தவர் அவசரத்துக்கு வந்தால் மாற்றப் பணம் இல்லை. பசித்தவனின் விருப்பம் எத்தகைய விருப்பம் என்று நமக்குத் தெரியாதா? ஆகவே சம்மதம் என்ற பொத்தான் தொழிலாளியின் கையில் மட்டும் இருக்க வேண்டும். அவள் படிக்கிற மொழியில் இருக்க வேண்டும். மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெண் அழுத்திய பொத்தானுக்குச் சம்மதம் என்று பெயர் வைப்பது, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய கங்காணி வித்தைதான்.

ஐந்தாவது, அழியாத பதிவு. முதலில் போட்ட பட்டியல், மாற்றியவர், மாற்றிய நேரம் மூன்றும் நிற்க வேண்டும். தொழிலாளிக்கும் அதன் நகல் கிடைக்க வேண்டும். பதிவு முதலாளி கையில் மட்டும் இருந்தால் சாட்சியும் அவர் பக்கமே.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கெல்லாம் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 61ஆம் பிரிவே வேலை நேர அறிவிப்பை ஒட்டி வைக்கச் சொன்னது. அறிவிப்புக்கு மாறாக வேலை வாங்கக் கூடாது என்றது 63ஆம் பிரிவு. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு, வேலை நேரத்தையும் ஷிப்டு முறையையும் மாற்ற 21 நாள் அறிவிப்புக் கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. தொழிலாளிக்கு அவற்றில் பாதகங்கள் பல. ஆயினும் வேலை நேர அறிவிப்பும், 21 நாள் அறிவிப்பும் புதிய தொகுப்புகளிலும் இருக்கின்றன.

அப்படியானால் குறை எங்கே? நம் சட்டத்தில் அறிவிப்பு உண்டு. அறிவிப்பை மீறி ஷிப்டை மாற்றினால் தொழிலாளியின் கையில் அன்றே விழ வேண்டிய காசு இல்லை. விலையில்லாத அறிவிப்பு சுவரில் ஒட்டிய காகிதம். காகிதத்தை மழை நனைக்கும், பசை விடும். துறைமுகத்தில் ஏமாற்றப் பணம் கொடுத்த நாடு இது. கடைக்கும் ஓட்டலுக்கும் அதையே கேட்கிறோம். புதிதாக எதையும் கேட்கவில்லை.

இரண்டு எதிர்வாதங்கள்

“கூட்டம் எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாதே” என்பார் முதலாளி. ஐயா, கப்பல் எப்போது வரும் என்பது கடலுக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது. அங்கேயே முறைப்பட்டியலும் ஆஜர் பணமும் நடந்தன. மேலும், அடுத்த வாரக் கூட்டத்தை மணிக்கணக்கில் கணிக்கிறது என்று சொல்லித்தானே அந்த மென்பொருளை உங்களுக்கு விற்றார்கள்? ஆளைக் குறைக்க மட்டும் கணிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அறிவிப்புக் கொடுக்க மட்டும் கண் தெரியாமல் போகுமா? டீக்கடைக்காரரை நசுக்க வருகிறோம் என்றும் சொல்ல வேண்டாம். சியாட்டில், ஒரேகான் சட்டங்கள் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களைத்தான் தொடுகின்றன.

இரண்டாவது குரல் நம் வீட்டிலிருந்தே வருகிறது: “சட்டம் பேசினால் கிடைக்கிற கூடுதல் ஷிப்டும் போய்விடும், அண்ணே.” இந்தப் பயம் நியாயமானது, இதைப் பழிக்க மாட்டேன். ஆனால் சியாட்டிலிலும் நியூயார்க்கிலும், புது ஆள் எடுக்கும் முன் இருக்கிறவர்களுக்கே கூடுதல் நேரத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியதும் இரண்டும் சேர்ந்த கோரிக்கைதான். மேலும், இன்று உங்களுக்குக் கூடுதலாக வருகிற ஷிப்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து காலை ஐந்தரைக்குப் பறித்த ஷிப்டாக இருக்கலாம். நாளை அது உங்களிடமிருந்து போகும். சாப்பா பொறுக்கிய கூட்டத்தில் கையை மிதித்தவனும் தொழிலாளி, மிதிபட்டவனும் தொழிலாளி. மூப்பன் மேலே நின்று வேடிக்கை பார்த்தான்.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். ஷிப்டுச் செய்தி வந்த தேதி, நேரம், அது மாறிய நேரம், போய்த் திரும்பிய செலவு, இழந்த கூலி எல்லாவற்றையும் அன்றன்று எழுதுங்கள். செல்போன் செய்தியை அழிக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். மாதக் கடைசியில் நோட்டுகளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தனி ஆளாகச் சொன்னால் புலம்பல் என்பார்கள். நூறு நோட்டை மேசையில் வைத்தால் லேபர் ஆபீசர் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நம் கோரிக்கைகள் நான்கு. பதினான்கு நாள் முன்பு பட்டியல். மாற்றினால் அன்றே பணம். ஷிப்டுகளுக்கு நடுவே பதினொரு மணி நேர ஓய்வு. ஷிப்டு போடும் இயந்திரத்தின் கட்டங்களை நிரப்பும்போது மேசையின் இந்தப் பக்கம் தொழிற்சங்கத்துக்கு ஒரு நாற்காலி. மலையாளத் தோழர்களும், வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்களும் இதே செய்தியைத்தான் இதே நேரத்தில் பெறுகிறார்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள்.

1953இல் இந்த ஊர் தரையில் விழுந்த டோக்கனைப் பொறுக்க மறுத்தது. செல்போனில் விழுகிற டோக்கனை நாம் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?