அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எதுக்கு துபாய்னு கேட்கிறவங்களுக்கு

மக்களே, ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்திட்டு இருக்கு. உங்க குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளிநாடு கூட்டிட்டுப் போறது வரிப்பணத்துல ஊர் சுத்துறதாம். "புத்தகக் கண்காட்சி சரி, அதுல ஒரு நாள் கலாச்சாரச் சுற்றுலா எதுக்கு?"ன்னு கேள்வி வேற.

பதில் சொல்லிடுவோம்.

2022 நவம்பரில் போட்டிகளில் ஜெயிச்ச நம்ம அரசுப் பள்ளி மாணவர்கள் துபாய், ஷார்ஜா போனாங்க. ஷார்ஜா சர்வதேசப் புத்தகக் கண்காட்சியைப் பார்த்தாங்க. 1982ல தொடங்கின கண்காட்சி அது. 2019ம் வருஷத்துக்கான உலகப் புத்தகத் தலைநகரமா ஷார்ஜாவை யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது. இதையா ஊர் சுத்தல்ங்கிறீங்க?

இப்ப அந்த "ஒரு நாள்" விஷயத்துக்கு வருவோம். துபாய்னா புர்ஜ் கலீஃபாவும் மாலும்தான்னு நினைக்கிறவங்களுக்கு அது வேஸ்ட்டாத்தான் தெரியும்.

பழைய துபாய்ல அல் ஃபஹீதின்னு ஒரு பகுதி. பவளக்கல்லும் ஜிப்சமும் வச்சுக் கட்டின வீடுகள், மேல காற்றுக் கோபுரம். எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் பிடிச்சு கீழ அறைக்குள்ள இறக்கும். ஏசி இல்லாத காலத்து இன்ஜினியரிங். நான் மெக்கானிக்கல் படிச்சவன். வெப்பச்சலனத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன். ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு அந்தக் கோபுரத்துக்குக் கீழ ரெண்டு நிமிஷம் நின்னா புரிஞ்சுக்கும்.

பக்கத்துலயே க்ரீக். ஒரு திர்ஹம் குடுத்தா அப்ரா படகு அக்கரையில விடும். எண்ணெய்க்கு முன்னாடி துபாய் முத்தை நம்பி வாழ்ந்த ஊர். 1930கள்ல ஜப்பானோட வளர்ப்பு முத்து அந்தத் தொழிலைப் படுக்க வச்சது. எண்ணெய் கிடைச்சது 1966லதான். முத்துன்னா நமக்குக் கொற்கையும் தூத்துக்குடியும் ஞாபகம் வரணும். அரபு வணிகர்கள் பாண்டிய நாட்டுக்குக் குதிரை கொண்டு வந்ததை மார்கோ போலோ எழுதி வச்சிருக்கார். நம்ம பிள்ளை அந்தக் கரையில நிக்கிறப்ப பார்க்கிறது தன் ஊர் வரலாற்றோட மறுபாதியை.

என் வீட்டுக் கதை ஒண்ணு. எங்கப்பா துபாய்ல பதினோரு வருஷம் கட்டட வேலை பார்த்தார். சோனாப்பூர் கேம்ப்ல ஒரு ரூம்ல எட்டு பேர். விடியுறதுக்கு முன்னாடி பஸ், இருட்டினப்புறம் பஸ். போன வாரம் கேட்டேன், "அல் ஃபஹீதி பார்த்திருக்கீங்களாப்பா?" "அது எங்கடா இருக்கு?"ன்னார். ஊரைக் கட்டினவருக்கு ஊரைப் பார்க்க ஒரு நாள் கிடைக்கல.

நம்ம வீடுகள்ல பாஸ்போர்ட்னா கடன் வாங்கி, ஏஜென்டுக்குக் கட்டி, கூலி வேலைக்குப் போக எடுக்கிறது. இப்ப ஒரு பிள்ளை படிப்புக்காக எடுத்திருக்கு. உங்களுக்கு உறுத்துறது செலவா, பாஸ்போர்ட் பிடிச்சிருக்கிற கையா?

தனியார் பள்ளிப் பிள்ளை போனா "எக்ஸ்போஷர்", அரசுப் பள்ளிப் பிள்ளை போனா "ஊர் சுத்தல்". "அது அவங்க சொந்தக் காசு"ம்பீங்க. இந்தப் பிள்ளையோட அம்மா வாங்குற சோப்புலயும் செருப்புலயும் வரி இல்லையா?

"அந்தப் பணத்துல கழிப்பறை கட்டலாமே"ன்னு சிலர் நியாயமாவே கேட்கிறாங்க. கழிப்பறை கண்டிப்பா வேணும். எந்தப் பள்ளியில இல்லையோ படத்தோட போடுங்க, நாங்களும் சேர்ந்து கேட்கிறோம். ஆனா "கழிப்பறை வர்ற வரைக்கும் உலகத்தைப் பார்க்காதே"ன்னு ஏழைப் பிள்ளைகிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு. கமென்ட்ல யாரையும் கெட்ட வார்த்தையில திட்டாதீங்க. இதுல இருக்கிற விவரத்தைச் சொல்லுங்க, போதும். அதே நேரம் இந்தப் பயணம் ஏர்போர்ட் குரூப் போட்டோவோட முடியக் கூடாதுன்னும் நாமதான் கேட்கணும். போயிட்டு வந்த பிள்ளை தன் பள்ளி காலை வழிபாட்டுக் கூட்டத்துல மைக் பிடிச்சுப் பார்த்ததைச் சொல்லட்டும். போகாத முன்னூறு பிள்ளைக்கும் அடுத்த வருஷம் போட்டியில நிக்கணும்னு தோணும்.

அப்பாக்கள் கட்டின ஊரைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அந்த ஃபார்வர்டு வந்த குரூப்லயே இதையும் போடுங்க.

#அரசுப்பள்ளி_நம்_பெருமை
#பிள்ளைகள்_பார்க்கட்டும்