உளநோயோடு காணாமற்போகும் படையினர்: பொது அறிவிப்பு முறை பற்றிய எமது நிலைப்பாடு

உளநோயுள்ள படையினரோ முன்னாள் படையினரோ காணாமற்போனால், அவர்களைத் தேடப் பொதுமக்களுக்கு உடனடி அறிவிப்பு விடுக்கும் முறை ஒன்று இந்நாட்டில் வேண்டுமா? வேண்டும் என்பதே, கண்டி மாவட்டத்தில் அத்தகையோரின் குடும்பங்கள் சேர்ந்த எமது சங்கத்தின் பதில். அந்த அறிவிப்பு எந்தக் கட்டத்திலும் கைதுக்கான வழியாக மாறக்கூடாது என்பது அதோடு சேர்ந்த நிபந்தனை. இந்த நிபந்தனையை எவ்வளவு கடுமையாக எழுதுவது என்பதில்தான் நிறைவேற்றுக் குழு உடன்பட முடியாமல் இழுபட்டது. கூட்டங்களில் என்ன பேசப்பட்டது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். இங்கே முடிவை மட்டும் சொல்கிறோம்.

பின்னணியையும் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை, விடுமுறையின்றிச் சேவைக்குச் சமுகமளிக்காதிருந்த இராணுவத்தினருக்குப் பொதுமன்னிப்புக் காலம் வழங்கப்பட்டது. 2025 பெப்ரவரியில், புதுக்கடை நீதிமன்றத்துக்குள் துப்பாக்கிச் சூடு நடந்த சில நாட்களுக்குள், சட்டப்படி விலகாமல் சேவையை விட்டுச் சென்ற முப்படையினர் அனைவரையும் கைதுசெய்யும்படி பாதுகாப்புச் செயலாளர் பணித்தார். ஒரு மாதம் முடிவதற்குள் கைதானோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. படையில் பெற்ற பயிற்சியைப் பாதாள உலகக் குழுக்களுக்கு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிப்பது அரசின் கடமை. அதை நாம் எதிர்க்கவில்லை.

எம் வீடுகளின் கதை வேறு. விடுமுறையில் வந்தவன் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. கூரையில் யாரோ நடப்பதாகச் சொன்னான். மூன்றாம் நாள் விடியுமுன் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனான், வரவில்லை. விடுமுறை முடியும் நாளில் முகாமில் அவன் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறிக்கப்படுகிறது. பிறகு சம்பளம் நிற்கிறது. சில வாரங்களில் அவன் 'தப்பியோடியவர்' ஆகிறான். அவனுடைய பெயரும் விலாசமும் பொலிஸுக்குப் போகின்றன. அந்த விலாசம் அவனுடைய தாயின் வீடு. காணவில்லை என்று அவள் ஏற்கெனவே முறைப்பாடு எழுதிக் கொடுத்த அதே பொலிஸ் நிலையத்திலிருந்து, இரவில் ஆட்கள் வந்து, மகனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அவளிடம் கேட்கிறார்கள்.

முதல் வரைவில் இந்த இடத்தில், 'சில சந்தர்ப்பங்களில் நடைமுறைக் குறைபாடுகள் காணப்படக்கூடும்' என்று எழுதியிருந்தோம். அது வாசிக்கப்பட்டபோது தாய்மார் சிலர் எழுந்து வெளியே போனார்கள். ஆகவே நேராக எழுதுகிறோம். சீருடையோடு நோயுற்ற ஒருவன் காணாமற்போனால், அவனைத் தேடும் ஒரே அமைப்பு அவனைத் தண்டிக்கும் அமைப்பாக இருக்கிறது. இது கொடுமை. இதைக் குறைபாடு என்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை.

இந்தக் கொடுமையால் விளைவது இன்னும் மோசம். குடும்பம் வாயைத் திறப்பதில்லை. முறைப்பாடு கொடுத்தால் பெயர் பட்டியலுக்குப் போகும், பட்டியலுக்குப் போனால் ஓய்வூதியம் போகும் என்ற பயம். உறவினர் வீடுகளுக்குத் தாங்களே அலைகிறார்கள். சோதிடரிடம் போகிறார்கள், தேவாலயத்தில் நேர்த்தி வைக்கிறார்கள். தேடல் பலன் தரக்கூடிய முதல் மணித்தியாலங்கள் இப்படியே கழிகின்றன. நோயால் சேவை செய்ய முடியாத ஒருவரை மருத்துவச் சபையின் முன் நிறுத்தி, உரிய கொடுப்பனவோடு கௌரவமாக வீட்டுக்கு அனுப்பும் பாதை படையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சபையின் முன் போய் நிற்க அவனுக்குத் தெளிவு வேண்டும். தெளிவு குலைந்ததுதானே அவனுடைய நோய்! வர முடியாதவனுக்கு, நீ வரவில்லை என்று 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தைக் காட்டுகிறோம். காலை இழந்து வந்தவனிடம் ஏன் அணிவகுப்பில் நடக்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை. அனுராதபுரத்திலும் கம்புறுப்பிட்டியிலும் பனாகொடையிலும் 'அபிமன்சல' நிலையங்களைக் கட்டிய நாடு இது; உறுப்பிழந்தவனைத் தாங்கத் தெரிந்த நாடு. புத்தி கலங்கியவனுக்கு மட்டும் ஏன் விலங்கு?

வெளிநாட்டு முன்மாதிரிகள் பற்றிக் கூட்டத்தில் நிறையப் பேசப்பட்டது. கடத்தப்பட்ட குழந்தைகளுக்கான 'ஆம்பர்' அறிவிப்பு 1996இல் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. விஸ்கொன்சின் மாநிலம் 2018இல் ஆபத்தான நிலையில் காணாமற்போகும் படையினருக்கும் முன்னாள் படையினருக்கும் 'பசுமை அறிவிப்பு' என்றொரு சட்டம் இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டு மில்வாக்கி நகரில் முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர் காணாமற்போனார். போர் தந்த உளக்காயம் அவருக்கு இருந்ததைக் குடும்பம் எடுத்துச் சொல்லியும், உடனடி ஆபத்தில் உள்ளவராகக் கருதும் அளவுகோலுக்குள் அவர் வரவில்லை என்று பொலிஸ் சொன்னது. வாரங்கள் கழித்து ஒரு பூங்காவின் நீர்நிலையில் அவருடைய உடல் கிடைத்தது. படையினருக்கும் முன்னாள் படையினருக்குமான டெக்சாஸின் 'கேமோ' அறிவிப்பில் எமக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு: நோய் மருத்துவப் பதிவில் இருக்க வேண்டும், அதோடு, தான் காணாமற்போனால் அறிவிப்பு விடலாம் என்று அந்த வீரரே தெளிவாக இருக்கும் காலத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். இந்த முன்சம்மத ஏற்பாட்டை அப்படியே ஏற்கப் பரிந்துரைக்கிறோம். மற்றவற்றை அப்படியே ஏற்க முடியாது. மில்வாக்கியில் காணாமற்போனவர் சேவையை முடித்து வெளியே வந்தவர். அவரைக் கண்டுபிடித்திருந்தால் சிறையில் போடும் வேலை எந்தப் பொலிஸுக்கும் இருந்திராது. எங்கள் பிள்ளைகளில் பலர் இன்னும் படையின் பெயரேட்டில் இருப்பவர்கள். கைதுக்கு எதிரான பாதுகாப்பு இல்லாமல் அவர்களுடைய முகத்தை எல்லாக் கைபேசிகளுக்கும் அனுப்பினால், பிடித்துக் கொடுக்கும் வேலையைத்தான் ஊரெல்லாம் செய்யும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். குடும்பமோ சிகிச்சை அளிக்கும் வைத்தியரோ கோரினால் அறிவிப்பு சில மணித்தியாலங்களுக்குள் வெளியாக வேண்டும். கட்டளை அதிகாரியின் அனுமதிக்காகக் காத்திருக்கக்கூடாது. அறிவிப்பு வெளியான கணத்திலிருந்து, அந்த நபர் மீதான தப்பியோடல் நடவடிக்கை எதுவாக இருந்தாலும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டதும் அவர் போக வேண்டிய முதல் இடம் வைத்தியசாலை. கண்டியிலும் பேராதனையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. முகாம் காவலறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. உளமருத்துவர் எழுத்தில் கருத்துச் சொல்லும்வரை எந்த விசாரணையும் வேண்டாம். உளநோயாளரை எப்படி நடத்துவது என்பதில் நம் சட்டம் இன்னும் 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச்சட்டத்தில் நிற்கிறது. அதை மாற்றும் பெரிய வேலை முடியட்டும் என்று எம்மைக் காத்திருக்கச் சொல்ல வேண்டாம். பொலிஸ் மா அதிபரும் பாதுகாப்பு அமைச்சும் சேர்ந்து சுற்றறிக்கையாக இதைத் தொடங்க முடியும் என்பது, பொதுவாக, குழுவின் கருத்து.

தனியுரிமை பற்றிச் சுருக்கமாக: அறிவிப்பில் படம், உடை, கடைசியாகக் கண்ட இடம் மட்டும் போதும். நோயின் பெயரோ படைப்பிரிவோ தேவையில்லை. ஆள் கிடைத்ததும் படம் அழிக்கப்பட வேண்டும். சுகாதாரத் தகவலைத் தனிப் பாதுகாப்புக்குரியதாக 2022ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

மொழி பற்றியும் இடம் பற்றியும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே அறிவிப்பை அனுப்புவதை நாம் கேட்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக விடத் தெரிந்தவர்கள், இதையும் அப்படி விடலாம். நிலைகுலைந்து வீட்டைவிட்டுப் போகும் ஒருவர் முதல் மணித்தியாலங்களில் பெரும்பாலும் நடந்தே போகிறார். கண்டி நகரம் என்றால் பஸ் நிலையங்கள், ரயில் நிலையம், வாவிக்கரை, தலதா மாளிகை முன்றல், உடவத்தகலைக் காடு, கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் மகாவலிக் கரை. இந்த இடங்களில் நாள் முழுக்க நிற்பவர்கள் ஆட்டோக்காரர்கள், பஸ் நடத்துநர்கள், வெற்றிலை விற்பவர்கள். பெரஹரா இரவில் தொலைந்த பிள்ளைக்காக ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொன்னால் கூட்டமே கண்ணை விரித்துத் தேடும் ஊர் இது. ஆனால் அவன் பஸ் ஏறிவிட்டால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை என்று தோட்டப் பாதைகளில்தான் இறங்குவான். அல்லது அக்குறணை, மடவளைக் கடைத்தெருவில் நிற்பான். அங்கே அவனைக் காண்பவர் கொழுந்துக்குப் போகும் பெண்ணாகவோ லொறி உதவியாளராகவோ தேநீர்க்கடைக்காரராகவோ இருப்பார். அவர்கள் வாசிப்பது தமிழ். சிங்களத்தில் மட்டும் வரும் அறிவிப்பு அவர்களுக்கு வராத அறிவிப்பே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் எங்கள் மலைகள் சரிந்தபோது, எச்சரிக்கை தமிழில் ஒழுங்காக வரவில்லை என்று எழுந்த முறைப்பாடுகளை யாரும் மறந்திருக்க முடியாது. தமிழ் வாசகம் பிறகு வரும் என்ற பதிலை இனி ஏற்க மாட்டோம். இரு மொழியிலும் ஒரே நிமிடத்தில் வெளியாக வேண்டும். தேடப்படுபவர் சிங்கள இளைஞராக இருக்கலாம். அவரைக் காப்பாற்றப் போவது தமிழ் வாசிக்கும் ஒரு கண்ணாக இருக்கலாம்.

காணாமற்போனோர் பற்றி எதையும் இந்நாட்டில் எழுதும்போது, பதில் கிடைக்காமல் நிற்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நினைவில் இருக்க வேண்டும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் உட்காரத் தொடங்கிய தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அமைத்த காணாமற்போனோர் அலுவலகத்தின் ஆணைக்குள் போரில் காணாமற்போன படையினரும் வருகிறார்கள். எமது கோரிக்கை அந்த அலுவலகத்தின் வேலைக்குப் பதிலீடு என்று யாரும் காட்ட முற்படக்கூடாது. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சமரில் மகன் காணாமற்போன கண்டித் தாய் விசாகா தர்மதாச, தன்னைப் போன்ற பெற்றோரைத் திரட்டி, படையினர் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று போராடினார். எதிர்த்தரப்புத் தலைவர்களையும் நேரில் சந்தித்துப் பேசினார். அடையாளத் தகடு ஒன்றுக்காகவே தாய்மார் தெருவில் இறங்க வேண்டியிருந்த மாவட்டத்திலிருந்து எழுதுகிறோம். அரசு தானாக எதையும் தரும் என்ற நம்பிக்கையில் இதை எழுதவில்லை.

இந்த முறை யாருக்கெல்லாம் பொருந்தும் என்பதில் குழு முழு உடன்பாட்டுக்கு வரவில்லை. முப்படையினர், பொலிஸார், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தினர், இவர்களிலிருந்து ஓய்வுபெற்றோர் என்று தொடங்கி, 'போரினால் உளப்பாதிப்புக்கு உள்ளான ஏனையோருக்கும் உரிய காலத்தில் விரிவாக்குவது பரிசீலிக்கப்படலாம்' என்ற வாசகம் பெரும்பான்மையால் ஏற்கப்பட்டது. புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளிகளை ஆரம்பத்திலேயே சேர்க்க வேண்டும் என்று கருதிய உறுப்பினர்களின் மறுப்பு இங்கே பதிவாகிறது. அவர்களும் அதே போரிலிருந்து வந்தவர்கள், அவர்களுடைய தாய்மாருக்குப் பொலிஸ் நிலையப் படியில் ஏற இன்னும் அதிக பயம் என்ற அவர்களின் வாதத்துக்கு எவரும் பதில் சொல்லவில்லை. வாக்கெடுப்பில் மட்டும் அந்த வாதம் தோற்றது.

உறுப்பினர்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் நோயுள்ளவரின் அண்மைய படம் ஒன்றையும், மருந்துச் சீட்டின் பிரதியையும், அவர் வழக்கமாகப் போகும் இடங்களின் பெயர்களையும் எழுதி வைத்திருங்கள். நெருக்கடி வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள். அது படையோடு தொடர்பில்லாத சேவை.

பாதுகாப்பு அமைச்சு, சுகாதார அமைச்சு, பொலிஸ் தலைமையகம் மூன்றுக்கும் இந்த அறிக்கை மும்மொழியிலும் அனுப்பப்படுகிறது. கலந்துரையாடலுக்கு அழைத்தால் வருவோம். ஆனால் கைது இல்லை என்ற உறுதி எழுத்தில் கிடைக்கும்வரை, எமது சங்கத்தில் பதிவான எந்த நோயாளியின் பெயரையும் விலாசத்தையும் எந்த முகாமுக்கும் எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் நாம் கொடுக்கப் போவதில்லை. இந்த ஒரு தீர்மானம் வாக்கெடுப்பின்றி, ஒருமனதாக நிறைவேறியது.