பிள்ளையின் நெஞ்சு திடீரெனப் படபடக்கிறதா? அந்த நேரத்து இசிஜி ஏன் முக்கியம்?

உங்கள் தம்பி சும்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குது" என்கிறான். பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. "பரீட்சை டென்ஷன்தான்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆனால், அது இருதயத்தின் மின்னோட்டக் கோளாறாகவும் இருக்கலாம்.

என்ன நடக்கிறது?

இருதயம் துடிக்கச் சொல்லும் மின்சாரம் ஒரே பாதையில் போக வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு பாதை இருக்கும். மின்சாரம் அதில் சுற்றத் தொடங்கினால், துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐயும் தாண்டலாம். இதற்கு எஸ்விடி என்று பெயர். ஸ்விட்ச் போட்டதுபோல் திடீரெனத் தொடங்கி, திடீரென நிற்பதே இதன் அடையாளம்.

கதீட்டர் சிகிச்சை எப்படி?

நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை இடுக்கு இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய்களை இருதயத்துக்குள் அனுப்பி, கோளாறான இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அந்தச் சிறு புள்ளியை வெப்பத்தால் சுடுவார்கள். இயல்பான மின்பாதைக்குப் பக்கத்தில் இருந்தால், உறைய வைப்பார்கள். வழக்கமான வகைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பலன் கிடைக்கிறது. அபூர்வமாக, இயல்பான பாதை சேதமாகி பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

எல்லாருக்கும் தேவையா?

இல்லை. கைக்குழந்தைகள் பலருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே அடங்கிவிடும். உடல் எடை 15 கிலோவுக்குக் குறைவு என்றால், முடிந்தவரை மருந்து கொடுத்துக் காத்திருப்பார்கள்.

புந்தோங்கில் இருந்தால்?

பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை தரும் தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரில், சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் முதல் வேலை ஈப்போவிலேயே முடியும். படபடப்பு நின்ற பிறகு எடுக்கும் இசிஜி பலருக்கு நார்மலாகவே வரும். அதனால், அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து கிளினிக்குக்கோ, ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். அந்த இசிஜியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிபுணரிடம் அனுப்ப அதைவிட வலுவான ஆதாரம் இல்லை. போவதற்குள் நின்றுவிட்டால்? எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது, நாடித் துடிப்பு எவ்வளவு என்பதைக் கைப்பேசியில் குறித்து வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தால், அல்லது படபடப்போடு மூச்சுத் திணறினால், காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.